தொவேரா போவாளா?

லிலோங்வே,
மார்ச் 6

அன்புள்ள அக்கா,

வெசி எழுதுகிறேன். நானும் ஹேஸ்டிங்ஸும் நன்றாக இருக்கிறோம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? பிடுங்க வேண்டும் என்றால் பிடுங்கிவிடு. எத்தனை நாள் உப்புத் தண்ணீரை வைத்து அதை ஏமாற்றுவாய்?

இரண்டு செய்தி. முதலாவது, நான் முழுகாமல் இருக்கிறேன், இரண்டு மாதம். போன தடவை நடந்தது உனக்குத் தெரியும். அதனால் டாக்டரம்மா இப்போதே சொல்லிவிட்டார்: பஸ் பயணம் கூடாது, மாடிப்படி கூடாது, கவலை கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மாத்திரை எதுவும் தரவில்லை.

இரண்டாவது, நம் முசூசு ஊருக்கு நான் வரைந்த சைக்கிள் பாதை தேறிவிட்டது! லுவிங்காவிலிருந்து சந்தை வரை முதலில் போடுகிறார்கள். நன்றாக வந்தால் ஊர் முழுக்க.

பெரிய சாலை ஓரமாக ஒரு கோடு இழுத்தால் போதும் என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் விடவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் எல்லோரும் ஒன்றா? வேலைக்கு விரைகிறவனுக்கு நேர்வழி வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு லாரி கிட்டேயே வரக்கூடாது. வயதானவர்களுக்கு அவசரமில்லை, ஆனால் மேடு ஆகாது. கரிமூட்டை கட்டி வருகிறவனுக்கு மேடும் ஆகாது, குறுகலும் ஆகாது. இந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் வழிகளைப் பின்னியிருக்கிறேன். கரிக்காரர்களுக்காகவே ஒரு கிளை கட்டோட்டோ மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. மினிபஸ்காரன் உள்ளே நுழையாதபடி ஒவ்வொரு வாயிலிலும் இரண்டு சிமெண்ட் தூண். டிசம்பரில் உன் வீட்டுக்கு வந்தபோது இரண்டு நாள் சாலையில் நின்று கரிமூட்டை சைக்கிள்களை டேப் வைத்து அளந்தேனே, நீகூடச் சிரித்தாயே, அது இதற்குத்தான். இருப்பதிலேயே அகலமான மூட்டை நூற்றைந்து சென்டிமீட்டர். தூண்களுக்கு நடுவே நூற்றிருபது விட்டிருக்கிறேன்.

என்னால் வந்து பார்க்க முடியாது. எனக்குப் பதில் நீதான் கண். ஒன்று விடாமல் எழுது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே நீ இங்கே வந்துவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் வெசி


முசூசு,
மார்ச் 19

என் வெசிக்கு,

கடிதம் பஸ் கண்டக்டர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போய்விட்டது, மெல்லுகிற சுகமும் கூடவே போய்விட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ அந்த மாடிப்படிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே.

உன் முதல் செய்தியைப் படித்து அழுதேன். இரண்டாவதைப் படித்து ஊரைக் கூட்டிவிட்டேன். தையல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். பாவாடை அளவு கொடுக்க வந்தவள், "எனக்கு நேரமாகுதுக்கா" என்றாள். "சும்மா நில்லுடி. எந்தங்கச்சி ஊருக்கே அளவெடுத்திருக்கா. உன் இடுப்பு எங்க ஓடிடப் போகுது?" என்றேன்.

லும்பானியிடமும் சொன்னேன். ஆறு வருஷம் உன்னைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன் ஆயிற்றே. இப்போது அதுவே பிழைப்பு, வாடகைக்கு ஆள் ஏற்றிக் கபாசா ஓட்டுகிறான். தினமும் காலையில் என்னை ஏற்றிப் போய்க் கடையில் இறக்குகிறான். "அந்தச் சின்னதா? கேரியர்லயே தூங்கி விழுமே, அதா பாதை போடுது?" என்று கேட்டான். அப்புறம் கடை வரைக்கும் மணி அடித்துக்கொண்டே மிதித்தான். பெருமை வந்தால் அவனுக்கு வாய் அடைத்துக்கொள்ளும்.

ஏன் போனில் பேசக்கூடாது என்று கேட்காதே. போனில் நீ "மீட்டிங் அக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரை நீ கேட்டாக வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரம் பெட்டியோடு வந்து இறங்குவேன். என் மிஷினை மட்டும்தான் விட்டுவிட்டு வருவேன், அதுவும் மனசில்லாமல்.

தொவேரா


முசூசு,
ஜூன் 22

வெசிக்கு,

இங்கே குளிர் எலும்பைப் பிடிக்கிறது. மற்றபடி சௌக்கியம். பிள்ளை உதைக்கிறதா? உதைக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளை சும்மா இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உன் கண் எழுதுகிறது, கேள். சிவப்புப் பாதை சந்தை வரை வந்துவிட்டது. திறப்பு விழா ஜூலை இருபத்தெட்டு என்கிறார்கள், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அமைச்சரைப் பற்றி என்ன கவலை? வேலைக்காரர்கள் விரட்ட விரட்ட அதில்தான் போகின்றன. லாரிக்குப் பயந்து சாக்கடை ஓரமாக ஒண்டிப் போன பிள்ளைகள், இப்போது இரண்டிரண்டாகப் பேசிக்கொண்டு போகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே நின்று, எண்ணெயில் போட்ட மண்டாசிப் பணியாரத்தைக் கருக விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நம் லுவிங்கா வாயிலில் தூண் நட்டார்கள். லும்பானி கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தான். "மூட்டை உரசிச்சுன்னா சின்னதை நான் ஊருக்குள்ளயே விடமாட்டேன்" என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு கரிக்காரன் மலை மாதிரி மூட்டையோடு தள்ளிக்கொண்டு வந்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போய்விட்டான், வெசி! இரண்டு பக்கமும் நாலு விரல் இடம். போனவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் வந்தான்.

"எதுக்குய்யா திரும்பி வர்றே?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல எனக்குன்னு யாரும் வாசல் வச்சதில்லக்கா. அதான் இன்னொரு வாட்டி" என்றான்.

நீ எத்தனை படித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் சொன்னது எந்தப் பட்டத்துக்கும் மேல். திறப்பு விழாவுக்கு நீலத்தில் புது சித்தெஞ்சே எடுத்து வைத்திருக்கிறேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, லும்பானி கேரியரில் உட்கார்ந்து, முதல் ஆளாக நான்தான் போகப் போகிறேன்.

தொவேரா


லிலோங்வே,
ஜூலை 18

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது, பாதம்தான் வீங்கியிருக்கிறது. உனக்குக் குளிர் தணிந்ததா?

கரிக்காரன் சொன்னதை நூறு தடவை படித்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி நான் இங்கே இருப்பேன், மனசு அங்கே இருக்கும். விழா முடிந்த கையோடு எழுது. நல்லதை மட்டும் எழுதாதே, குறை இருந்தாலும் எழுது. இதை வைத்துத்தான் அடுத்த கட்டத்தைத் தீர்மானிப்பார்கள்.

வெசி


முசூசு,
ஆகஸ்ட் 20

வெசிக்கு,

எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. போன் சிமா கிண்ட வைத்திருந்த மாவுப் பானையில் விழுந்து செத்துவிட்டது, அதனால் கூப்பிட்டும் கிடைத்திருக்க மாட்டேன். நான் சௌக்கியம். உன் வீக்கம் வடிந்ததா?

விழாவைப் பற்றி என்ன சொல்ல! பேண்டு வாத்தியம், தோரணம், சர்ச் பாட்டுக் குழு. அமைச்சர் உன் பெயரைத் தப்பாகச் சொன்னார், "வெசி!" என்று லும்பானி கூட்டத்திலிருந்து கத்தித் திருத்தினான். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நூறு பேர் வரிசையாகப் போனார்கள். வேலைக்குப் போகிற வாலிபர்கள் பறந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபத்தைந்து வயது, பத்து வருஷமாகத் தொடாத சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கரிக்காரர்கள் தூண்களுக்கு நடுவே ராஜா மாதிரி போனார்கள். எந்தங்கச்சி, எந்தங்கச்சி என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

லாரி மோதி ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனது என்ற பேச்சு இந்த மூன்று வாரமாக ஊரில் இல்லை. அதை நீதான் செய்தாய்.

கடையில் வேலை நடக்கிறது. இப்போதெல்லாம் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஹெம்மிங் என்று உட்கார்ந்த இடத்தில் கைவேலை. காலையில் சீக்கிரம் கிளம்பி நடந்தே போகிறேன், காற்று நன்றாக இருக்கிறது.

தொவேரா


லிலோங்வே,
செப்டம்பர் 1

அன்புள்ள அக்கா,

நானும் வயிறும் சௌக்கியம். உன் தொண்டை தேறிவிட்டதா?

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். கம்வெண்டோ சார், எங்கள் மேலாளர், அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். பெருமையில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த கட்டத்துக்கும் அதே வரைபடம்தான் என்று முடிவாகிவிட்டது. பதினாலு கிலோமீட்டர், எண்பத்துநாலு தூண், அதே அளவு. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு விடுப்பு.

ஏழாம் தேதி ஹேஸ்டிங்ஸ் பஸ் நிலையத்தில் வந்து நிற்பார். உன் கட்டிலுக்குப் புதுக் கொசுவலை வாங்கியாயிற்று.

பட்டன் என்றாலே உனக்கு ஆகாதே, எப்போதிலிருந்து இந்தப் பொறுமை?

வெசி


முசூசு,
செப்டம்பர் 6

வெசிக்கு,

சௌக்கியம். நாளைக்கு என்னால் வர முடியாது. பள்ளிச் சீருடை ஆர்டர் நிறைய, பாட்டுக் குழுவிலும் ஆள் இல்லை. மாப்பிள்ளையை வீணாக நிற்க வைக்காதே. குழந்தைக்கு ஆறு சட்டை, நாலு தொப்பி கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கையெழுத்தைப் பிரசவம் ஆன பிறகு போடக்கூடாதா? என்ன அவசரம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தொவேரா


லிலோங்வே,
செப்டம்பர் 14

அக்கா,

உடம்பு இருக்கிறது. உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் பேசாமல் இருந்தேன், கோபம். பாட்டுக் குழுவுக்கு ஆள் இல்லையாம்! எனக்கு யார் ஆள்? போன தடவை அந்த ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது நீ. இந்தத் தடவை யார் கையைப் பிடிப்பது? அம்மா இருந்தால் உன்னைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

இன்றைக்குக் குழந்தைச் சட்டைகளை எடுத்து மடித்தேன். ஆறு சட்டை, நாலு தொப்பி, ஒரு தையல்கூட மிஷின் தையல் இல்லை. எல்லாம் கையால் தைத்தது. அதைப் பார்த்ததும் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. மிஷின் மிதிக்காத தொவேராவை நான் பார்த்ததே இல்லை. நீ ஏன் மிதிப்பதில்லை? லும்பானி இருக்கும்போது நீ ஏன் நடந்து போகிறாய்? விழாவில் எல்லோரும் தூணைத் தாண்டியதை எழுதினாய், நீ தாண்டியதை ஏன் எழுதவில்லை?

கவலைப்படக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லாதே. தெரியாமல் இருப்பதுதான் இப்போது கவலை. கையெழுத்துக்கு இன்னும் பதினாலு நாள். உண்மையை எழுது.

வெசி


முசூசு,
செப்டம்பர் 20

என் கண்ணே வெசி,

முதலில் உட்கார். தண்ணீர் குடி. நான் உயிரோடுதான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இடது கணுக்கால் உடைந்திருந்தது. இப்போது கூடிவிட்டது.

விழா அன்றைக்கு முதல் ஆளாகப் போனேன். பெண்கள் உட்காருகிற மாதிரிதான், பக்கவாட்டில், இரண்டு காலும் இடது புறம், மடியில் பை. லும்பானி தூண்களுக்கு நட்ட நடுவில்தான் விட்டான், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஹேண்டில்பார் போய்விட்டது, அவன் போய்விட்டான், என் கால் மட்டும் தூணில் மாட்டிக்கொண்டது. சத்தம் எனக்கே கேட்டது. லும்பானி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "கத்தாதடா, அமைச்சர் பேசிட்டிருக்கார்" என்றேன். புது சித்தெஞ்சேயைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, விழா முடிகிற வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாவுக்கட்டோடு ஒரு வாரம் படுக்கை, பிறகு கடை வாசல். நடந்து போகிறேன் என்று எழுதியது பச்சைப் பொய், லும்பானி பெண்சாதி தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போனாள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. என் குரலைக் கேட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஏன் சொல்லவில்லை என்றால், ஊரே உன்னைக் கொண்டாடுகிறது, வயிற்றில் பிள்ளை, அதில் ஓட்டை போட நானா கிடைத்தேன்? என் ஒரு கால்தானே என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இருவருக்கும் இடது கால். ஒருத்தி தக்காளிக் கூடைக்காரி, இன்னொருத்தி நிறைமாதக்காரி, பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தவள்.

"உங்களுக்குமாக்கா? அந்தத் தூணா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"யாரு வச்சாங்களோ தெரியல. ஆம்பளையாத்தான் இருக்கும்."

எந்தங்கச்சி என்று ஊரெல்லாம் சொன்னவள், அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் எண்பத்துநாலு தூண் வரப் போகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கண்ணாக இரு என்றாய், நான் உனக்குக் கண்ணைக் கட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

நேற்று சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். கேரியர் நடுவிலிருந்து என் பெருவிரல் வரை அறுபத்தெட்டு சென்டிமீட்டர். உன் நூற்றிருபதில் பாதி அறுபது. நான் எட்டு சென்டிமீட்டர் அதிகம். அந்த அளவுக்கு நீலத் துணியில் ஒரு பட்டை கிழித்து வைத்திருக்கிறேன். எண்ணை எழுதினால் உன் ஆட்கள் வாதம் பண்ணுவார்கள். துணியை நீட்டு.

உன் தொவேரா


லிலோங்வே,
அக்டோபர் 16

என் அக்காவுக்கு,

பெண் குழந்தை. ஒன்பதாம் தேதி, இரண்டே முக்கால் கிலோ. நான் சௌக்கியம், அவள் என்னைவிடச் சௌக்கியம். நீ தைத்த தொப்பி மூன்றாவதுதான் சரியாக இருந்தது, தலை பெரிசு. கால் இப்போது எப்படி? எத்தனை தூரம் நடக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், ஆனால் நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தாங்க முடியாதது ஒரு விஷயம்தான். ஆறு வருஷம் நானே பக்கவாட்டில் உட்கார்ந்து போனவள். தூங்கி விழுந்து லும்பானி முதுகில் இடித்தவள். மிதிக்கிறவனை அளந்தேன், மூட்டையை அளந்தேன், உட்கார்ந்து போன என்னை அளக்க மறந்துவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெண் இல்லை, அதனால் எனக்கும் அவள் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கம்வெண்டோ சார், "பின்னால உட்கார்றவ சைக்கிள் ஓட்டுறவ இல்லையேம்மா" என்றார்.

"மூட்டைக்கு இடம் விட்டிருக்கோம் சார், பொம்பளைக்கு விடல" என்றேன்.

அப்போதும் அவர் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சைக்கிளைக் கூட்ட அறைக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னேன். நூற்றிருபது விட்டு இரண்டு நாற்காலி போட்டேன். அந்த நிறைவயிற்றோடு கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "இறங்கும்மா, இறங்கும்மா, எனக்கு நெஞ்சு அடைக்குது" என்று சார் சுற்றிச் சுற்றி வந்தார். வாட்ச்மேன் மெதுவாகத் தள்ளினார். என் கால் பட்டு இடது நாற்காலி தடாலென்று விழுந்தது. உன் நீலத் துணியை எடுத்து நீட்டிக் காட்டினேன். பேப்பர் டைப் அடிக்கிற பெண் எழுந்து வந்து, "எங்கம்மாவும் இப்படித்தான் போவாங்க" என்றாள்.

எண்பத்துநாலு தூணுக்கும் போட்டிருந்த பழைய அளவு ரத்தாகிவிட்டது. இனி நூற்றறுபது, மினிபஸ் அப்போதும் நுழையாது. பழைய தூண்களையும் பிடுங்கி நகர்த்துகிறார்கள், நம் லுவிங்கா வாயில்தான் முதல். நாலு விதம் என்று எழுதியிருந்த பக்கத்தில் ஐந்தாவதைச் சேர்த்துவிட்டேன். படத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை. துணிப்பட்டை வரைபடப் பலகையில் ஆணியடித்துத் தொங்குகிறது. படம் வரைகிற பையன்கள் ஒவ்வொரு வாயிலுக்கும் அதை வைத்துப் பார்த்து, "தொவேரா போவாளா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்களாம். தொவேரா யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கம்வெண்டோ சாரே இப்போது அப்படித்தான் கேட்கிறார்.

அந்த நிறைமாதக்காரியை மறுபடி பார்த்தால், தூணை வைத்தது ஒரு பெண்தான், அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல். என் பெயரையும் சொல்.

நீ இன்னும் சைக்கிளில் போவதில்லை என்று லும்பானி போனில் சொன்னார். அவசரமில்லை அக்கா.

உன் வெசி


முசூசு,
நவம்பர் 10

என் வெசிக்கு,

கால் தேவலை. பெரிய தலைக்காரிக்கு என் முத்தம். டிசம்பரில் வருகிறேன், ஐந்தாவது தொப்பியைப் பெரிதாகத் தைத்துக்கொண்டு.

நிறைமாதக்காரிக்கு ஆண் குழந்தை. உன் பெயரைச் சொன்னேன். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க தங்கச்சியாக்கா? திருத்திட்டாங்கல்ல, விடுங்க" என்றாள்.

இன்று காலை நம் வாயிலில் தூணைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள். லும்பானி சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, கேரியர் மெத்தையைத் தட்டினான். உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன், தூண்களுக்கு நடுவே டேப் பிடித்து இரண்டு தடவை அளந்த பிறகுதான் கிட்டே போனேன். பின்னால் அந்தக் கரிக்காரன் மூட்டையோடு ஒதுங்கி நின்றான். "நீங்க முதல்ல போங்கக்கா" என்றான்.

நீலத் துணியில் மிச்சம் இருந்ததைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பக்கவாட்டில், இரண்டு காலும் இடது புறம், மடியில் பை. கண்ணை மூடவில்லை.

உன் ஆட்களிடம் சொல். போனேன்.

திரும்பி வந்து, இன்னொரு வாட்டியும் போனேன்.

தொவேரா